டேங்கில் ஊதா வரணுமா? நம்பரைத் துரத்தாதீங்க!

ரீஃப் டேங்க் வீடியோ நிறைய பார்த்திருப்பீங்க. கல் முழுக்க கத்திரிப்பூ கலர், அங்கங்கே ரோஸ் திட்டு. முதல் தடவை பார்த்தப்போ யாரோ பெயின்ட் அடிச்சிருக்காங்கன்னுதான் நானும் நினைச்சேன். ஆனா அது உயிருள்ள பாசி. பெயர் கோரலைன் ஆல்கா.

பாசின்னா வழவழன்னு இருக்கணுமே, இது ஏன் கல் மாதிரி இருக்கு? இது சிவப்புப் பாசி வகையைச் சேர்ந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தன் செல் சுவரில் கல்லாகப் படிய வைக்கும். கடலில் இதுதான் சிமென்ட் மேஸ்திரி. உடைந்த பவளத் துண்டுகளை ஒட்டிப் பாறையாக்குவதும், பவளத்தின் லார்வாக்கள் வந்து உட்கார இடம் கொடுப்பதும் இந்த வேலையில் அடக்கம்.

என்னோடது 100 லிட்டர் டேங்க். ஹேச்சரியில் வளர்ந்த கிளவுன் மீன் ஒரு ஜோடி, நாலு நத்தை, செராமிக் கல். பவளம் கிடையாது. அதில் கோரலைன் வளர்க்கப் போய் ஒரு தடவை சொதப்பினேன். அதையும் சேர்த்தே சொல்றேன், நீங்க செய்யாம இருக்க.

விதை எங்கிருந்து?

புதுக் கல்லில் கோரலைன் தானா முளைக்காது. ஏற்கெனவே ஊதா படிந்த டேங்க் வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு சின்னக் கல்லோ, ஓட்டில் ஊதா படிந்த நத்தையோ வாங்குங்க. அது போதும். அதிலிருந்து வித்துகள் தண்ணீரில் பரவும்.

கடலில் இருந்து மட்டும் கல் எடுக்காதீங்க. பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு. செத்த பவளக் கல்லா இருந்தாலும் எடுப்பது குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் இப்போ கடலுக்கு அடியில். சுண்ணாம்புக்காகப் பல வருஷம் பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். வேலியை வெட்டினா வயல் என்ன ஆகும்? அதேதான் நடந்தது.

மூணு நம்பர்

கால்சியம்: 400 முதல் 450 பிபிஎம்.
அல்கலினிட்டி: 8 முதல் 9 டிகேஎச். கடலில் கிட்டத்தட்ட 7.
மெக்னீசியம்: 1250 முதல் 1350 பிபிஎம்.

முதல் இரண்டும் கல்லுக்கான மூலப்பொருள். மெக்னீசியம் எதுக்கு? அது குறைந்தால் கால்சியமும் கார்பனேட்டும் பாசிக்குப் போய்ச் சேராமல், ஹீட்டரிலும் பம்பிலும் வெள்ளையாகப் படிந்துவிடும். கோரலைன் கட்டும் கல்லிலும் மெக்னீசியம் நிறைய உண்டு. கூடவே பாஸ்பேட்டை 0.1 பிபிஎம்முக்குக் கீழே வையுங்க. பாஸ்பேட் ஏறினா கல் படிவது தடைபடும், பச்சைப் பாசி வேகமா வளர்ந்து கோரலைனை மூடிவிடும். மீனுக்குத் தீனியை அள்ளிக் கொட்டினா பாஸ்பேட் ஏறும், அவ்வளவுதான் விஷயம்.

ஒரு சின்னக் கணக்கு

இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. ஊதா கண்ணுக்குத் தெரிய மாசக்கணக்கில் ஆகும். அதுக்கு முன்னாடியே அது வளருதான்னு கண்டுபிடிக்கலாம்.

நாலு நாள் எதுவும் சேர்க்காமல், தினமும் ஒரே நேரத்தில் அல்கலினிட்டி பாருங்க. நாளுக்கு 0.3 டிகேஎச் குறையுதுன்னு வைப்போம். 1 டிகேஎச் என்பது லிட்டருக்குச் சுமார் 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். அப்போ 100 லிட்டரில் 0.3 குறைந்தால் சுமார் 0.54 கிராம். அதாவது உங்க டேங்க் ஒரு நாளைக்கு அரை கிராம் கல் கட்டுது!

அவசரப்படாதீங்க, ஒரு சிக்கல் இருக்கு. மீன் கழிவை உடைக்கும் பாக்டீரியாவும் அல்கலினிட்டியைத் தின்னும். ஆனா அது கால்சியத்தைத் தொடாது. கல் படிந்தால் 2.8 டிகேஎச்சுக்கு 20 பிபிஎம் என்ற விகிதத்தில் கால்சியமும் இறங்கும். நாளுக்கு 0.3 என்றால் பத்து நாளில் 20 பிபிஎம்முக்கு மேல். கால்சியமும் அப்படி இறங்கியிருந்தால் கல் வளருது. இறங்கலைன்னா அது பாக்டீரியா வேலை. நாம மாஸ் பேலன்ஸ்னு எழுதிப் பாஸ் பண்ணினது இதுதாங்க.

குறைவதை ஈடுகட்ட, 100 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம் சோடியம் பைகார்பனேட் போதும். நம்ம வீட்டு ஆப்ப சோடாவேதான், பேக்கிங் பவுடர் இல்லை. தினமும் 0.3 குறைந்தால் தினமும் சுமார் 1 கிராம். கால்சியத்துக்குத் தனியா கால்சியம் குளோரைடு.

நான் செஞ்ச தப்பு

இன்னொரு வழி சுண்ணாம்பு நீர். தாத்தா வெற்றிலையில் தடவும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடு, ஆனா சுத்தமான தரத்தில் வாங்கணும். கால்சியத்தையும் அல்கலினிட்டியையும் சரியான விகிதத்தில் ஒண்ணா ஏற்றும். ஆபத்து என்னன்னா, கரைசலின் பிஎச் 12-க்கு மேல்.

செமஸ்டர் பரீட்சை முடிஞ்சு வந்து பார்த்தா என் டேங்கில் அல்கலினிட்டி 6.5. எனக்கு 9 வேணும். கணக்குப் போட்டேன், இரண்டு லிட்டர் சுண்ணாம்பு நீர். கணக்கு சரிதான். அதை அப்படியே மொத்தமா ஊற்றினதுதான் தப்பு. அஞ்சு நிமிஷத்தில் தண்ணீர் பால் மாதிரி ஆயிடுச்சு. மீன் இரண்டும் மூலையில் ஒதுங்கி மூச்சு வாங்குது. மறுபடி சோதிச்சா அல்கலினிட்டி 6. ஏற்றினது மட்டும் இல்லாம, இருந்ததும் சேர்ந்து கரைசலை விட்டு வெளியே படிந்துவிட்டது. மீன் பிழைச்சுது. ஒரு நத்தை போச்சு. ஒரு வாரத்தில், எட்டு மாசமா வளர்ந்த ஊதா வெள்ளை வெளேர்னு ஆயிடுச்சு.

6.5-ல் அது உயிரோடதான் இருந்தது. நான் பண்ணின திடீர் மாற்றம்தான் அதைக் கொன்னுச்சு. ஒரு நாளைக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீங்க. 8-லேயே நிலையா நிக்கிற டேங்க், 7-க்கும் 10-க்கும் குதிக்கிற டேங்கைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இப்போ மெடிக்கல் ஷாப்பில் வாங்கின டிரிப் செட்டில், சுண்ணாம்பு நீரை நீர்த்துப் போகக் கலந்து, ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டா விடறேன். ராத்திரியில் பிஎச் இறங்கும் என்பதால் அந்த நேரம்தான் சரி.

வெயிலும் வெளிச்சமும்

மே மாசம் தண்ணீர் 31 டிகிரிக்குப் போகும், நமக்கு 26 பக்கம் வேணும். சில்லர் வாங்கக் காசில்லைன்னா தண்ணீர்ப் பரப்பில் ஒரு சின்ன ஃபேன் வையுங்க, இரண்டு மூணு டிகிரி இறங்கும். ஆனா தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. அதனால தினமும் நல்ல தண்ணீர் ஊற்றி அடர்த்தியை 1.025-ல் நிறுத்துங்க. உப்புத் தண்ணீர் ஊற்றாதீங்க. வீட்டு ஆர்ஓ தண்ணீரில் டிடிஎஸ் 50 பக்கம் மிச்சம் இருக்கும். டிஐ ஃபில்டர் ஒண்ணு சேர்த்துப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாங்க.

லைட் ரொம்ப வேண்டாம். பஹாமாஸ் பக்கம் கடலில் 268 மீட்டர் ஆழத்தில் கோரலைன் வாழ்வதை 1984-ல் நீர்மூழ்கியில் போய்ப் பார்த்திருக்காங்க. ஆழத்துக்கு வரும் நீல, பச்சை ஒளியைப் பிடிக்கும் நிறமி அதுகிட்ட இருக்கு. அதனாலதான் டேங்கிலும் நிழல் பக்கம் முதலில் ஊதா வரும். லைட்டைத் திடீர்னு கூட்டினா அதுக்கும் வெளுக்கும்.

கடைசியா ஒண்ணு. மெக்னீசியம் நிறைந்த இந்த வகைக் கல், தண்ணீரில் அமிலத்தன்மை ஏறினா மற்ற சுண்ணாம்புக் கற்களைவிடச் சீக்கிரம் கரையும். காற்றில் கூடும் கார்பன் டையாக்சைடு இப்போ கடலுக்கு அதைத்தான் செய்யுது. என் டேங்கில் தப்பு நடந்தால் சொட்டுச் சொட்டாத் திருத்திக்கலாம். கடலுக்கு டிரிப் செட் கிடையாது.

என் கல்லில் இப்போ மறுபடி மிளகு அளவுக்கு ஒரு ஊதாப் புள்ளி வந்திருக்கு. நாலு மாசம் ஆச்சு. நான் எதையும் அவசரமா ஊற்றப் போறதில்லை.