தாத்தாவின் பெத்தாங்க் குண்டுக்கு என்ன விலை? பழைய குண்டுகளை இணையத்தில் விற்க ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவ வீரர் குடும்பத்து வீடு ஒன்றில் பரணை ஒழித்தால், துருப்பிடித்த இரும்புக் குண்டுகள் இரண்டு மூன்று உருண்டு வர வாய்ப்புண்டு. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். விடுப்பில் வந்தபோது கொண்டுவந்திருப்பார். 1907-இல் பிரான்ஸின் லா சியோத்தாவில் பிறந்த பெத்தாங்க் ஆட்டம், 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிய பிறகும் புதுச்சேரியை விட்டுப் போகவில்லை. குண்டுகள் பரணுக்குப் போனதெல்லாம் ஆடியவர்கள் போன பிறகுதான்.

காயலான் கடைக்காரர் அதைக் கிலோ கணக்கில் கேட்பார். பேரனோ ஏதோ ஒரு தளத்தில் யாரோ நூற்றுக்கணக்கான யூரோ கேட்டிருப்பதைப் பார்த்துவிட்டுக் கனவு காண்பான். இரண்டு விலையையும் நம்ப வேண்டாம். சரியான விலையை நீங்களே கண்டுபிடிக்கலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முதல் படி: கையில் இருப்பது என்ன?

பழைய குண்டுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, ஆணி அடித்த மரக்குண்டு. பாக்ஸ் மரத்தின் வேரைக் கடைந்து, மேலே இடைவெளியே தெரியாமல் சின்னச் சின்ன ஆணிகளை அறைந்திருப்பார்கள். தெற்கு பிரான்ஸில் ஏகீன் என்ற மலைக்கிராமம் இந்த வேலைக்குப் பேர் போனது. உற்றுப் பார்த்தால் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிய ஆணித் தலைகள் தெரியும். இரும்பாணிக்கு நடுவே பித்தளை, செம்பு ஆணிகளை வைத்து நட்சத்திரமோ பெயரின் முதலெழுத்தோ போட்டிருந்தால் சேகரிப்பாளர்கள் மொய்ப்பார்கள். நம் பக்கம் இது அபூர்வம்.

இரண்டாவது, 1920-களில் வந்த வெண்கலக் கலவைக் குண்டு. ஒரே வார்ப்பாக வார்த்தது. 'இந்தெக்ரால்' என்ற பெயர் பொறித்திருந்தால் அந்த வகைதான். மஞ்சளாக இருப்பதால் பித்தளை என்று நினைத்து எடைக்குப் போட்டுவிடும் ஆபத்து இதற்குத்தான் அதிகம்.

மூன்றாவது, பெரும்பாலான வீடுகளில் இருப்பது: எஃகுக் குண்டு. இரண்டு அரைக்கோளங்களைச் செய்து பற்றவைத்தது, உள்ளே வெற்றிடம். இந்த முறையைக் கொண்டுவந்தவர் ழான் பிளான். அவருடைய குண்டுகளில் ஜே.பி. என்ற எழுத்துகள் இருக்கும். 1955-இல் தொடங்கிய ஓபுத் நிறுவனத்தின் குண்டுகளும் நிறையக் கிடைக்கின்றன. கோடுகள் மட்டும் இருந்து, பெயரும் எடை எண்ணும் இல்லாத குண்டு என்றால் அது பொழுதுபோக்குக்கு விற்ற மலிவுச் சரக்கு. வருத்தம்தான், ஆனால் அதற்குப் பழம்பொருள் மதிப்பு கிடையாது.

இரண்டாம் படி: அளவும் எடையும்

மளிகைக் கடை டிஜிட்டல் தராசும் தையல்கார டேப்பும் போதும். போட்டிக் குண்டின் விட்டம் 7.05 முதல் 8 செ.மீ., எடை 650 முதல் 800 கிராம். விட்டத்தை நேராக அளப்பது கஷ்டம். டேப்பைச் சுற்றிப் பிடியுங்கள். சுற்றளவு 22 முதல் 25 செ.மீ.க்குள் வந்தால் பெத்தாங்க். அதைவிடப் பெரிதாக, ஒரு கிலோவை ஒட்டி இருந்தால் அது லியோன் நகரத்து ஆட்டத்தின் குண்டு. வாங்குகிற கூட்டம் வேறு.

பொறித்த எடைக்கும் தராசு காட்டும் எடைக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறைய ஆடித் தேய்ந்த குண்டு எடை குறையும். மூன்றும் ஒரே செட்டா என்று கோடுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு செட் என்பது மூன்று குண்டுகள். ஒன்று தொலைந்திருந்தால் விலை மூன்றில் ஒரு பங்கு அல்ல, அதற்கு மேலேயே இறங்கும்.

மூன்றாம் படி: புளி போடாதீர்கள்

குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளியும் சாம்பலும் போட்டு வெண்கலக் குண்டைப் பளபளக்க வைக்க அம்மாக்களுக்குக் கை துறுதுறுக்கும். தடுத்துவிடுங்கள். சேகரிப்பாளர் காசு கொடுப்பது அந்தப் பழுப்பு நிறத்துக்குத்தான். எஃகுக் குண்டின் உதிரும் துருவை உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயை லேசாகத் தடவினால் போதும். ஆணிக் குண்டில் தண்ணீரே படக்கூடாது. மரம் ஊதி ஆணி கழன்றுவிடும். பல் துலக்கும் பிரஷ் கொண்டு தூசி தட்டுங்கள்.

நான்காம் படி: நூறு வயதா?

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எஃகுக் குண்டுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. ஆணிக் குண்டு சிக்கலாகலாம். வயதில் சந்தேகம் இருந்தால், இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டு வாங்கிய பிறகே அனுப்புங்கள். இல்லையென்றால் இந்தியாவுக்குள்ளேயே விற்றுவிடுங்கள்.

ஐந்தாம் படி: விலை

கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. இபே பிரான்ஸ் தளத்தில் உங்கள் குண்டின் பெயரைத் தேடி, விற்றுமுடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லும் வடிகட்டியைப் போடுங்கள். அதே மார்க், அதே நிலையில் உள்ள ஏழெட்டு விற்பனைகளைப் பார்த்து, மிக உயர்ந்ததையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு நடுவில் நில்லுங்கள்.

பிறகு செலவைக் கழியுங்கள். உதாரணக் கணக்கு ஒன்று: செட் 40 யூரோவுக்குப் போகிறது, ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4,000 ரூபாய். தளத்தின் கமிஷன் 600, தபால் 2,500 என்று வைத்தால் மிச்சம் 900. உள்ளூரில் ஆடுபவர் ஒருவர் 1,500 கொடுத்தால் அதுவே லாபம். பழைய எஃகுக் குண்டைப் பிரான்ஸுக்கு அனுப்புவது பெரும்பாலும் வீண் வேலை என்பது என் கட்சி. அங்கே அது ஊர் ஊராகக் கிடைக்கிறது.

விலையை ஏற்றுவது சான்று. அமெரிக்காவில் ஜார்ஜ் பாலபுஷ்கா 1959 முதல் 1975 வரை செய்த பில்லியர்ட்ஸ் கோல்கள் பெரும் விலைக்குப் போகின்றன; போலிகளும் உலவுவதால் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைத்தான் வாங்குபவர் முதலில் கேட்கிறார். குண்டுக்கும் அதே நியாயம். தாத்தா குண்டுடன் நிற்கும் போட்டோ, பழைய பெட்டி, ரசீது, குண்டில் பொறித்த அவர் பெயரின் முதலெழுத்து எதையும் விட்டுவிடாதீர்கள். பெயரைச் சுரண்டி எடுக்கவே கூடாது.

ஆறாம் படி: படமும் விவரமும்

காலை வெளிச்சத்தில், திண்ணையில் சாம்பல் நிறத் துணி விரித்துப் படம் எடுங்கள். பளபளக்கும் குண்டில் உங்கள் முகமே தெரியும். எதிரே ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டால் சரியாகிவிடும். ஒவ்வொரு பொறிப்புக்கும் ஒரு படம், ஸ்கேலோடு ஒரு படம், பள்ளம் விழுந்த இடத்துக்கும் கட்டாயம் ஒரு படம். விவரத்தை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதுங்கள். பிரெஞ்சு தெரிந்த உறவினர் நம் ஊரில் கிடைக்காமலா போவார்? 'மிக அபூர்வம்' என்று எழுதாமல் மார்க், எடை, விட்டம், குறை இவற்றை எழுதினால் போதும்.

ஏழாம் படி: விற்கும் இடம், பார்சல், பணம்

இபேயின் இந்திய உள்நாட்டுத் தளம் 2018-இல் மூடப்பட்டுவிட்டது. இப்போது இபே வழியாக நாம் வெளிநாட்டுக்குத்தான் விற்க முடியும். வணிகமாக அனுப்ப ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். சேகரிப்புப் பொருளுக்கென்றே டெல்காம்ப் என்ற தளமும் உண்டு. உள்நாட்டுக்கு ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், பெத்தாங்க் ஆடுபவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள்.

சர்வதேசத் தபாலில் சிறு பொட்டலத்தின் உச்ச எடை 2 கிலோ. 700 கிராம் குண்டு மூன்று சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும்; கட்டணம் பார்சல் கணக்குக்கு ஏறும். ஒவ்வொரு குண்டையும் தனித்தனியாகச் சுற்றி, ஒன்றோடொன்று முட்டாமல் அட்டை வைத்துக் கட்டுங்கள். தபால் நிலையத்தில் 'உள்ளே குண்டு' என்று சொல்லி வைக்காதீர்கள். விளையாட்டுப் பொருள் என்று எழுதி, உலோகம் இன்னது என்றும் குறிப்பிடுங்கள். பிரான்ஸுக்குப் போகும் சொந்தக்காரர் கையில் கொடுத்தனுப்பினால் செக்-இன் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள்.

கடைசியாகப் பணம். தன்னை ராணுவ வீரர் என்று சொல்லிக்கொண்டு, பேரம் பேசாமல் சம்மதித்து, 'இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பணம் வரும்' என்பவர் மோசடிக்காரர். யுபிஐயில் பணம் பெற பின் எண் போட வேண்டியதே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.