வெளியே அதே பழைய புல்லட், உள்ளே தாராளமாக காற்று!

வண்டி ஷோரூமிலிருந்து வந்த தோற்றத்திலேயே இருக்கணும், ஆனால் பிக்கப் மட்டும் கொஞ்சம் கூடணும் என்று ஆசைப்படும் புல்லட், கிளாசிக் நண்பர்களுக்காக இந்தக் குறிப்புகள். கார்புரேட்டர் வைத்த 346 சிசி வண்டியை மனதில் வைத்துச் சொல்கிறேன். பெரும்பாலானவை மற்ற வண்டிகளுக்கும் பொருந்தும்.

1. புதுசு வாங்கக் காசு எடுக்கும் முன், இருக்கிற ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மடிப்புகளுக்குள் வெளிச்சமே தெரியவில்லையா? ஒரிஜினல் பேப்பர் ஃபில்டர் புதிதாக ஒன்று போட்டாலே பல வண்டிகள் தெம்பாகிவிடும்.

2. பேப்பர் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவவே கழுவாதீர்கள். டயருக்குக் காற்றடிக்கப் போகும்போது கையோடு கொண்டுபோய், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக ஏர் அடித்து வாங்குங்கள். வெளியிலிருந்து அடித்தால் தூசி இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும்.

3. அடுத்த படி, அதே ஏர்பாக்ஸுக்குள் உட்காரும் எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர். கே அண்ட் என் போன்ற கம்பெனிகள் மாடல்வாரியாகத் தருகின்றன. விலை கூடத்தான், ஆனால் கழுவிக் கழுவி வருடக்கணக்கில் போடலாம். சைடு கவரை மூடிவிட்டால் மாற்றியதே தெரியாது.

4. இந்த ஃபில்டரை அதற்கான கிளீனரில் ஊறவைத்து, குழாய்த் தண்ணீரை உள்ளிருந்து வெளியே மெல்ல விட்டு அலசுங்கள். நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகே எண்ணெய். இன்ஜின் ஆயில் வேண்டாம், ஃபில்டர் ஆயில்தான். மடிப்பு மேட்டில் ஒரு கோடு போலத் தடவி, சிவப்பு நிறம் சீராகப் பரவும்வரை விட்டுவிட்டு, மிஞ்சியதைத் துணியால் ஒற்றி எடுங்கள். எண்ணெய் அதிகமானால் கார்புரேட்டருக்குள் இறங்கும்.

5. ஃபில்டரைக் கழற்றியதும் கார்புரேட்டருக்குப் போகும் வாயில் சுத்தமான துணியைச் செருகி வையுங்கள். மூடும் முன் எடுக்க மறக்காதீர்கள்!

6. காற்று கூடினால் பெட்ரோலும் கூடணும். சில கிலோமீட்டர் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு, இன்ஜின் ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பால் கலந்த டீ நிறம் என்றால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, இன்ஜின் சூடேறும். மெக்கானிக்கிடம் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டச் சொல்லுங்கள். கரி படிந்திருந்தால் அதற்கு நேர் எதிர். ஃபில்டர் மாற்றத்தில் பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

7. 2020-க்குப் பின் வந்த பிஎஸ் 6 வண்டியில் ஜெட் வேலையே கிடையாது. சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் புகையைப் பார்த்து, சாதாரண ஓட்டத்துக்குத் தேவையான பெட்ரோலைத் தானே சரிசெய்துகொள்ளும்.

8. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பரை வளைத்து, வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். வண்டி ஐடிலிங்கில் ஓடும்போது அந்த இடத்தில் லேசாகத் தண்ணீர் ஸ்ப்ரே செய்தால், லீக் இருந்தால் சத்தம் மாறும். அங்கே காற்று புகுந்தால் எந்த ஃபில்டர் போட்டும் பலனில்லை.

9. ஏர்பாக்ஸில் ஓட்டை போடச் சொன்னால் கேட்காதீர்கள். இரைச்சல் கூடும், மழைத்தண்ணீர் புகும். பாக்ஸை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டினால் தோற்றமும் போச்சு, இன்ஜின் சூட்டில் கொதித்த காற்றைத்தான் வண்டி இழுக்கும்.

10. ஏர்பாக்ஸுக்கு அடியில் மூடி போட்ட சின்ன டியூப் இருந்தால் சர்வீஸுக்கு ஒருமுறை திறந்து, தேங்கிய தண்ணீரையும் எண்ணெயையும் வடித்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

11. கழற்றிய ஒரிஜினல் ஃபில்டரைத் தூக்கி எறியாமல் கவரில் கட்டி வையுங்கள். பருத்தி ஃபில்டர் காயும் நாளில் வண்டியை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

12. மண் ரோட்டில், லாரிகளுக்குப் பின்னால் தினமும் ஓடும் வண்டி என்றால் சர்வீஸ் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் வரும்வரை காத்திருக்காதீர்கள். அதில் பாதி ஓடியதுமே ஃபில்டரை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.