கமிஷன் வேலையும் ஒரு சிட்டிகை உப்பும்

போன செமஸ்டர் விடுமுறையில் கேமரன் மலையில் 26 நாள் தண்ணீர் வடிகட்டி விற்றேன். சம்பளம் கிடையாது, விற்றால் கமிஷன், அவ்வளவுதான். நம்ம கிளையின் சனிக்கிழமை வகுப்பில் இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அங்கே பேசியதோடு, பேசக் கூச்சப்பட்டு விட்டுவிட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வேலைக்குக் கூப்பிட்டவர் எங்கள் பல்கலைக்கழகத்தில் எனக்கு மூத்த மாணவர். "தம்பி, மாசம் அஞ்சாயிரம் வெள்ளி சாதாரணமா எடுக்கலாம்" என்று வாட்சாப்பில் குரல் அனுப்பினார். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறித் தானா ராத்தா போய்ச் சேர்ந்தேன். ஓர் அறையில் ஆறு பேர். காலை எட்டு மணிக்குக் கூட்டம். கைதட்டல், கோஷம், வெள்ளைப் பலகையில் எல்லார் பெயரும், பக்கத்தில் விற்ற எண்ணிக்கையும். முந்தைய நாள் பூஜ்யம் வாங்கியவன் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். மழை என்றால் அது காரணம் இல்லை. வீட்டில் ஆள் இல்லை என்றாலும் இல்லை. "உனக்குப் பசி போதல" என்பார்கள். மூன்றாவது நாள் நானும் நின்றேன்.

நான் விற்கும் ஒவ்வொரு வடிகட்டிக்கும் என்னைச் சேர்த்துவிட்ட அண்ணனுக்கும் ஒரு பங்கு போகும் என்பது இரண்டாம் வாரம்தான் தெரிந்தது. எனக்குக் கீழே யாரையாவது சேர்த்தால் எனக்கும் அப்படி வருமாம். நம்ம கிளைத் தம்பிகள் பெயரை ஒரு தாளில் எழுதிக்கூட வைத்திருந்தேன். யார் யார் என்று இப்போது கேட்காதீர்கள்.

விற்பனையில் பெரிய ஆயுதம் ஒரு சின்னக் கருவி. நான்கு கம்பிகள், மின்சாரம். வீட்டுக் குழாய்த் தண்ணீர் ஒரு கண்ணாடிக் குவளையில், எங்கள் இயந்திரத்தின் தண்ணீர் இன்னொன்றில். கம்பிகளை இறக்கி ஒரு நிமிடம் விட்டால் குழாய்த் தண்ணீர் சேறு மாதிரி பழுப்பாகிவிடும். எங்கள் தண்ணீர் தெளிவாகவே நிற்கும். "இதத்தான் பிள்ளைங்களுக்குக் குடுக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த மௌனத்தையும் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள்.

பொறியியல் படிக்கிறவனுக்கு இது என்னவென்று தெரியும். பழுப்பாக வருவது தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. கம்பியில் இருக்கும் இரும்பு கரைந்து துருவாக மாறுவதுதான் அது. குழாய்த் தண்ணீரில் இயல்பாகவே தாது உப்புகள் இருப்பதால் மின்சாரம் பாயும், கம்பி கரையும். வடிகட்டியில் அந்த உப்புகள் போய்விடுவதால் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது, ஒன்றும் நடக்காது. மின்னாற்பகுப்பு என்று படிவம் ஐந்தில் நாம் எல்லாரும் படித்ததுதான். தெரிந்துகொண்டேதான் செய்தேன். கூட்டத்தில் இரண்டாம் முறை நிற்கப் பயம்.

பதினோராவது நாள் ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் பாட்டி ஒருவர் கதவைத் திறந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். இப்போது மகன் குடும்பத்தோடு இருக்கிறார். நான் கருவியை வெளியே எடுப்பதற்குள் தேநீர் வந்துவிட்டது. "சம்பளம் எவ்வளவுய்யா?" என்றார். கமிஷன் என்றேன். சிரித்தார். "அப்ப நிறுவைக்குத்தான் காசுன்னு சொல்லு. எங்களுக்கும் அப்படித்தான். மழையில கொழுந்து ஈரமா இருந்தா தண்ணிக்குன்னு எடையில கழிப்பாங்க. நம்ம கூடையில நம்ம கண்ணு முன்னாலயே கழிப்பாங்க."

தன் அப்பா முப்பதுகளில் கங்காணியோடு வந்த கதையையும் சொன்னார். "கூட்டிட்டு வந்தவரு வேத்தாள் இல்ல, அப்பாவுக்கு மாமன் முறை." அறைக்குத் திரும்பிய பிறகு அது மனதில் அரித்துக்கொண்டே இருந்தது. கங்காணி முறையைப் பற்றித் தேடிப் படித்தேன். தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்றால் அங்கேயே வேலை செய்கிற ஒருவரைக் கங்காணியாக்கி, உரிமம் கொடுத்து, அவர் சொந்த ஊருக்கே அனுப்புவார்கள். கூட்டி வரும் ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன். அதன் பிறகு, அந்த ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு, பொதுவாக 2 காசு. அந்த ஆள் காய்ச்சலில் படுத்தால் கங்காணிக்கு அன்றைக்கு 2 காசு நஷ்டம். கப்பல் செலவுக்கு 1907-ல் தோட்ட முதலாளிகளிடம் வசூலித்து ஒரு நிதியே அமைத்தார்கள். ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-ல் இந்த மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோதும் மலாயாவில் இந்த முறைதான் நடந்துகொண்டிருந்தது. 1938-ல் இந்திய அரசு தடுத்த பிறகே அது நின்றது.

கங்காணி எல்லாரும் கெட்டவர்கள் என்று எழுதுவது சுலபம். நல்லவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் உறவுக்கு விலை வைத்து, 'மாமன்' என்ற சொல்லையே வேலைக் கருவியாக்கியது அந்த ஏற்பாடு. என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்ட அண்ணனையும், அந்த வீட்டு வாசலில் 'பாட்டி' என்று குழைந்த என்னையும் அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஆமாம், அன்றைக்குக் கருவியைக் காட்டினேன். பேரப் பிள்ளைகள் பழுப்புத் தண்ணீரைப் பார்த்து முகம் சுளித்தார்கள். மாதம் 80 வெள்ளி, 36 மாதம். "நீ படிக்கிற புள்ள, பொய்யா சொல்லப் போற" என்று சொல்லிப் பாட்டி கையெழுத்துப் போட்டார். அன்று இரவு பலகையில் என் பெயருக்கு நேரே ஐந்து. எல்லாரும் கைதட்டினார்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து விற்பனைக்கு 300 வீதம் 1,500 வெள்ளி. அறை 300, பெட்ரோல் 420, சாப்பாடு 380, கருவிக்கு 150. கையில் நின்றது 250.

இங்கே சட்டத்தையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கும் குறைந்தபட்சச் சம்பள ஆணைப்படி மாதம் 1,700 வெள்ளி. எடைக்குக் கூலி, கமிஷன் மட்டும் என்று சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கும் மாத வருமானம் இதற்குக் குறையக் கூடாது. ஆக இன்று கொழுந்து பறிக்கிறவருக்கு மழை நாளிலும் காலுக்கடியில் ஒரு தரை இருக்கிறது. எனக்கு இல்லை. ஏனென்றால் நான் 'தொழிலாளி' இல்லை, 'சுயேச்சை முகவர்' என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். எட்டு மணிக்கு வரச் சொல்வது அவர்கள், எந்தத் தெரு என்று சொல்வது அவர்கள், கருவி அவர்களுடையது, சுயேச்சை மட்டும் என்னுடையது! 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி முதல் 101சி என்ற பிரிவு இருக்கிறது. எழுத்து மூலமான வேலை ஒப்பந்தம் இல்லாத இடத்தில், வேலை முறையையும் நேரத்தையும் கட்டுப்படுத்துவது யார், கருவி கொடுப்பது யார் என்றெல்லாம் பார்த்து ஒருவரைத் தொழிலாளி என்று கருத அது இடம் கொடுக்கிறது. இப்படி ஒரு தாளை நீட்டினால், கையெழுத்துக்கு முன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். "இப்பவே போடு" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வாங்குகிறவருக்கும் பாதுகாப்பு உண்டு. 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டத்தின்படி, வீட்டு வாசலில் செய்த ஒப்பந்தத்தை 10 வேலை நாட்களுக்குள் எழுத்தில் தெரிவித்து ரத்து செய்யலாம். பாட்டியின் தாளிலும் மலாயில் அது அச்சாகியிருந்தது. நான்தான் அந்த வரியின் மேல் கையை வைத்துக்கொண்டு கையெழுத்து வாங்கினேன்.

எட்டாவது வேலை நாளில் திரும்பிப் போனேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். இரண்டு முறை தோட்டத்து முனை வரை போய் மோட்டார் சைக்கிளைத் திருப்பியிருக்கிறேன். பாட்டி மறுபடியும் தேநீர் போட்டார். நான் சமையலறையிலிருந்து உப்பு கேட்டேன். எங்கள் இயந்திரத் தண்ணீரில், அந்தத் 'தூய' குவளையில், ஒரு சிட்டிகை போட்டுக் கம்பிகளை இறக்கினேன். குழாய்த் தண்ணீரைவிட மோசமாகப் பழுப்பானது. பாட்டி குவளையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அன்னிக்கி?" என்றார். "அன்னிக்கும் எனக்குத் தெரியும், பாட்டி" என்றேன்.

அவர் திட்டவில்லை. மகனைக் கூப்பிட்டுத் தாளை எடுத்து வரச் சொன்னார். கடிதத்தை நான் எழுத, பாட்டி கையெழுத்துப் போட்டார். மறுநாள் மகன் தானா ராத்தா அஞ்சலகத்தில் பதிவுத் தபாலில் அனுப்பினார். என் கணக்கில் 300 வெள்ளி கழிந்தது. 26 நாள் வேலைக்கு நான் 50 வெள்ளி கைநஷ்டத்தோடு மலையிறங்கினேன். சேர்த்துவிட்ட அண்ணன் இன்றுவரை என் அழைப்பை எடுப்பதில்லை. மற்ற நான்கு வீடுகளுக்கு நாள் கடந்துவிட்டது. அவர்களுக்குப் பயனீட்டாளர் கோரிக்கை தீர்ப்பாயம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டணம், வழக்கறிஞர் தேவையில்லை. இரண்டு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு பாக்கி.

வகுப்பில் ஒரு தங்கை, "அப்படின்னா வியாபாரமே தப்பா அண்ணே?" என்று கேட்டாள். இல்லை. நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளே வணிகரைப் பற்றியதுதான். அதை எடுத்துப் படித்துவிட்டு வாருங்கள். அடுத்த சனிக்கிழமை இந்தச் சோதனையைச் செய்து காட்டுகிறேன். ஆளுக்கு இரண்டு இரும்பு ஆணி, ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு துண்டு ஒயர், இரண்டு கண்ணாடிக் குவளை. கடையில் விற்கும் வடிகட்டிய தண்ணீர் ஒரு போத்தலை நான் கொண்டு வருகிறேன். உப்பு கோயில் மடப்பள்ளியில் கேட்டுக்கொள்ளலாம். சோதித்த தண்ணீரை யாரும் வாயில் வைக்க வேண்டாம்.