அகலக்கோண லென்ஸும் ஒளி குறைக்கும் கண்ணாடியும்

நண்பகல் வெயிலில் அருவிநீரை வெண்பட்டு விரித்தாற்போற் படத்திற் காட்ட விழைவோர், காமிராவின் ஷட்டரைச் சில விநாடிகள் திறந்துவைத்தல் வேண்டும். அங்ஙனம் திறப்பின் ஒளி மிகுந்து படம் வெளிறிவிடுமாதலின், லென்ஸின் முன் ஒளி குறைக்கும் கண்ணாடியொன்றை மாட்டுவர். வேண்டியவாறு திருப்பி ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் இடந்தருவது வேரியபிள் என்.டி. பில்டர் ஆகும். ஒன்றே பலவற்றின் வேலையைச் செய்தலின் மாணாக்கர் பலரும் இதனை விரும்புகின்றனர். நாமும் விரும்பி, 24 மில்லிமீட்டர் லென்ஸில் இதனை மாட்டி, இயன்ற மட்டும் இருளாக்கி, ஓர் அருவியைப் படமெடுத்தோம். காமிராவின் சிறு திரையிற் குற்றமொன்றும் புலப்படவில்லை. வீடு திரும்பிப் பெரிதாக்கிப் பார்த்தபொழுதோ, படத்தின் குறுக்கே பெருக்கற்குறி போல் இருள் படிந்திருந்தது. கண்ணாடி மலிவானதென்று பழித்தோம். பின்னர் ஆராயவே, பிழை நம்முடையதென்று தெளிந்தோம்.

இக்கண்ணாடி இரண்டு போலரைசர் தகடுகளின் சேர்க்கை. ஒவ்வொரு தகடும் ஒரு திசையில் அதிரும் ஒளியையே புகவிடும். இரண்டின் அச்சுக்களும் ஒத்திருப்பின் ஒளி மிகுதியாய்ச் செல்லும். ஒன்றைத் திருப்பத் திருப்பக் குறைந்து, 90 பாகையில் ஏறக்குறைய முற்றும் மறையும். பிரெஞ்சு அறிஞர் மாலுஸ் (1775-1812) பெயரால் வழங்கும் விதிப்படி, செல்லும் ஒளி அக்கோணத்தினது கோசைனின் வர்க்கத்திற்கு நேர்விகிதமாகும். 60 பாகையில் நாலிலொரு பங்கும், 83 பாகையில் சுமார் 67-இல் ஒரு பங்குமே செல்லும்.

இக்கணக்கு நேரே வரும் கிரணங்களுக்கே முற்றும் பொருந்தும். ஒரு தாளிற் பெருக்கற்குறி வரைந்து, தாளின் மேல்விளிம்பை அப்பாற் சாய்த்து நோக்குக. நேர்கோணங்கள் நேர்கோணமாய்த் தோன்றா. அவ்வாறே, சாய்ந்து வரும் கிரணத்திற்குத் தகடுகளின் அச்சுக்கோணம் சில திசைகளிற் கூடியும் சிலவற்றிற் குறைந்தும் அமைகின்றது. 36க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள படத்தளத்தில், 50 மில்லிமீட்டர் லென்ஸ் மூலைக்கு மூலை காண்பது சுமார் 47 பாகை. 24 மில்லிமீட்டர் லென்ஸ் காண்பதோ 84 பாகை. எனவே பின்னதில் மூலைக் கிரணங்கள் 42 பாகை சாய்ந்து வருகின்றன.

இச்சிறு கோணமாற்றம் எப்பொழுதும் ஒரே அளவிற் கெடுப்பதில்லை. 45 பாகையில் வைத்து இருபுறமும் 3 பாகை மாறினால், பிரகாசமான பகுதி மங்கிய பகுதியினும் ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கே மிகும். 83 பாகையில் அதே மாற்றம் ஆறு மடங்கு வேற்றுமை விளைக்கும். இருள் கூடுந்தோறும் பிழை பெருகுவதன் காரணம் இதுவே.

ஆதலின், அகலக்கோண லென்ஸை உடையோர் முதலில் சீராக ஒளிபடும் வெண்சுவரை நோக்கிக் கண்ணாடியை மெல்லத் திருப்பிப் பல படங்கள் எடுத்துப் பார்த்தல் நன்று. சமனின்மை தோன்றும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன்னரே நிற்றல் வேண்டும். அதனினும் இருள் வேண்டுவோர், போலரைசர் இல்லாத, மாறா அளவுள்ள ஒற்றை என்.டி. கண்ணாடியை நாடுக. நீலவானம் பெரிதும் அடங்கும் காட்சிக்கும் அதுவே தக்கது. வானொளியே பகுதிக்குப் பகுதி வேறுபட்ட அளவில் ஒருதிசை அதிர்வுடையதாகலின், போலரைசர் அதனைத் திட்டுத்திட்டாகக் காட்டும். தடித்த இரட்டை வளையம் படத்தின் மூலைகளை மறைத்தலும் உண்டு.

அருவி இன்றும் ஓடுகின்றது. அன்றைய படத்தை இழந்த நாம், மீண்டும் செல்லுங்கால் ஒற்றைக் கண்ணாடியுடனே செல்வோம்.