கண்ணீரில் ஒரு பூட்டு

திண்டுக்கல் மாணவர்க்குப் பூட்டின் இலக்கணத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. நொதியும் அது வினைபுரியும் பொருளும் பூட்டும் சாவியும் போலப் பொருந்துவன என 1894-இல் செருமானிய அறிஞர் எமில் ஃபிஷர் உரைத்தார். நம் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் தாய்ப்பாலிலும் உள்ள லைசோசைம் என்னும் நொதி அதற்குத் தக்க சான்று. பென்சிலினைக் கண்ட அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்கு ஆறாண்டுகள் முன்னரே, 1922-இல், இதனை உலகுக்கு அறிவித்தார். கோழிமுட்டை வெண்கருவிலுள்ள இதன் உறவு நொதிதான், எக்ஸ் கதிர்களால் வடிவம் காணப்பெற்ற முதல் நொதி (1965).

130 அமினோ அமிலங்களின் தொடர் மடிந்து, நான்கு கந்தகப் பிணைப்புகளால் இறுகியதே மனித லைசோசைம். அதன் நடுவே ஒரு பிளவு. சாவித்துளை என்றே கூறலாம். பாக்டீரியாச் சுவரின் சர்க்கரைத் தொடரில் ஆறு வளையங்கள் அதனுள் அமர்கின்றன. நான்காம் வளையத்துக்கும் ஐந்தாம் வளையத்துக்கும் இடையிலான பிணைப்பை, 35-ஆம் இடத்துக் குளூட்டாமிக் அமிலமும் 53-ஆம் இடத்து ஆஸ்பார்ட்டிக் அமிலமும் சேர்ந்து அறுக்கின்றன. சுவர் தளர, நீர் உட்புகுந்து கிருமி வெடிக்கிறது.

இங்கேதான் ஃபிஷரின் உவமை சற்றே பிசகுகிறது. மாங்காய்ப் பூட்டில் நுழைந்த சாவி முழுதாய் வெளிவரும். இங்கோ சாவி இரண்டாக முறிய, பூட்டு அடுத்ததற்குக் காத்திருக்கிறது!

எல்லாக் கிருமிகளும் இதற்கு அடங்குவதில்லை. டைபாய்டுக் கிருமி போன்றவை சுவருக்கு வெளியே கொழுப்புறை ஒன்றையும் போர்த்துள்ளன. அதனைக் குலைக்க லாக்டோஃபெரின் முதலிய துணைகள் வேண்டும்.