ஓரம் பட்டால் போச்சு!

சம்பா பயிர்க் காப்பீட்டுக்காகப் பூம்புகார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். சர்வே எண், உட்பிரிவு, பாஸ்புக் எண் எல்லாம் போட்டாச்சு. கட்டைவிரல் திரையின் ஓரத்தில் லேசாக இழுபட்டது. முதல் பக்கம் வந்து நின்றது, அத்தனையும் காலி!

2019-இல் ஆண்ட்ராய்டு 10-உடன் வந்த சைகை முறையில், ஓரத்திலிருந்து இழுத்தாலே முந்தைய பக்கம்தான். படிவம் நிரப்பும் அன்றைக்காவது செட்டிங்ஸில் மூன்று பொத்தான் முறைக்கு மாற்றிவிடுங்கள். ஓடிபி வந்தால் மெசேஜுக்குள் போகாதீர்கள். மேலிருந்து அறிவிப்பை இழுத்துப் பார்த்தாலே தெரியும். ராம் குறைந்த போன், பின்னால் கிடக்கும் செயலியைச் சொல்லாமல் மூடிவிடும். கேமராவைத் திறந்தால் இன்னும் மோசம். ஆகவே சிட்டா, அடங்கல் படங்களை முதலிலேயே எடுத்து வையுங்கள். சர்வே எண்களை நோட்ஸில் தட்டிவைத்தால், படிவம் அழிந்தாலும் திரும்ப ஒட்டலாம். 'சேமி' பொத்தான் கண்ணில் பட்டால் பக்கத்துக்குப் பக்கம் அழுத்துங்கள்.

அந்தக் காலத்தில் இதே பூம்புகார்த் துறைமுகத்தில் சரக்குக்குப் புலி முத்திரை குத்தினார்கள் என்கிறது பட்டினப்பாலை. நமக்கு முத்திரை, விண்ணப்ப எண். அது திரையில் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுத்தான் செயலியை மூட வேண்டும்.