எந்தப் பக்கம் முதலில்?

தடித்த நூல்களின் கடைசியில் சொல்லடைவு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அது காட்டும். இணையத் தேடுபொறியும் அத்தகைய பெரிய சொல்லடைவு ஒன்றைத்தான் வைத்திருக்கிறது. ஆனால், ‘மலேரியாக் காய்ச்சல்’ என்று தேடினால் அச்சொற்கள் உள்ள பக்கங்கள் ஏராளம். அவற்றில் எதை முதலில் காட்டுவது? நோயாளி இருக்கும் வீட்டில் இது விளையாட்டுக் கேள்வி அன்று.

தொடக்க காலத் தேடுபொறிகள் பெரும்பாலும் சொற்களையே எண்ணின. எல்லாச் சொற்களுக்கும் ஒரே எடை தரலாகாது என்பதைப் பிரிட்டனின் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் அம்மையார் 1972-ஆம் ஆண்டிலேயே விளக்கியிருந்தார். பல ஆவணங்களில் வரும் ‘காய்ச்சல்’ என்பதைவிட, சிலவற்றில் மட்டும் வரும் ‘மலேரியா’வுக்கு எடை அதிகம். அருமையான கருத்து! ஆனால் ஏமாற்றுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லைப் பலமுறை எழுதி வைத்தார்கள். நம் கண்ணுக்குத் தெரியாது, கணிப்பொறி எண்ணிவிடும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் 1998-இல் வேறொரு வழியை வெளியிட்டனர். ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வது இருக்கட்டும். அதைச் சுட்டி இணைப்புத் தரும் பிற பக்கங்கள் எவை? அவற்றின் மதிப்பு என்ன? இதுதான் அவர்கள் கேட்டது. அந்தப் பிற பக்கங்களின் மதிப்பை அறிய, அவற்றைச் சுட்டும் பக்கங்களின் மதிப்பு வேண்டுமே! கோழி முதலா, முட்டை முதலா என்பது போலத் தோன்றுகிறதல்லவா?

தாளும் பென்சிலும் எடுங்கள். க, ச, த என மூன்று பக்கங்கள். ‘க’ மற்ற இரண்டையும் சுட்டுகிறது. ‘ச’ சுட்டுவது ‘த’வை, ‘த’ சுட்டுவது ‘க’வை. முதலில் ஒவ்வொன்றுக்கும் 1/3 மதிப்புக் கொடுங்கள். ஒவ்வொரு பக்கமும் தன் மதிப்பைத் தான் சுட்டும் பக்கங்களுக்குச் சமமாகப் பங்கிடட்டும். முதல் சுற்றின் முடிவில் க 1/3, ச 1/6, த 1/2. திரும்பத் திரும்பப் பங்கிட்டால் க 0.4, ச 0.2, த 0.4 என்ற நிலையை நெருங்கும். ‘க’வுக்கும் ‘ச’வுக்கும் வந்தது ஆளுக்கோர் இணைப்புதான். ஆனால் ‘த’ தன் முழு மதிப்பையும் ‘க’வுக்குத் தருகிறது, ‘க’விடமிருந்து ‘ச’வுக்குக் கிடைப்பதோ பாதிதான். (உண்மைக் கணக்கில் ஒரு சிறு திருத்தம் உண்டு; இங்கே அதை விட்டுவிட்டோம்.)

பின்னர் இணைப்புகளையும் காசுக்கு விற்கத் தொடங்கினார்கள். அத்தகைய பக்கங்களைப் பின்தள்ள 2012-இல் கூகுள் தன் முறையை மாற்ற வேண்டியதாயிற்று. 2019-இல் சொற்களின் வரிசையையும் சூழலையும் கொண்டு கேள்வியின் பொருளை அறியும் முறையும் சேர்ந்தது. இன்று இணைப்பு என்பது பல அடையாளங்களுள் ஒன்று.

உங்களுக்கு ஒரு கணக்கு: ‘ச’ இப்போது ‘க’வையும் சேர்த்துச் சுட்டினால் மதிப்புகள் எவ்வாறு மாறும்?

(விடை: க 4/9, ச 2/9, த 3/9.)